வாய்ப் புற்றுநோயில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள்

வாய்ப் புற்றுநோயிலும் அதற்கு முந்தைய நிலைகளிலும் உடலின் தற்காப்பு உயிரணுக்கள் பாதிக்கப்பட்ட திசுவுக்குள் வந்து கூடுகின்றன. மாஸ்ட் உயிரணுக்கள், நிணநீர் அணுக்கள், பெருவிழுங்கிகள், லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள், இயோசினோஃபில்கள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றின் எண்ணிக்கை, வகை, அமைவிடம் ஆகியவற்றைக் கொண்டு நோயின் போக்கை முன்கூட்டியே அறிய முடியுமா என்பது வாய் நோய்க்குறியியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வியாகும்.

இக்கேள்வி வெறும் ஆய்வுக்கூட ஆர்வத்தால் எழுந்ததன்று. கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் உடைய ஒருவர் மருத்துவரிடம் வரும்போது, அப்படலம் வாழ்நாள் முழுதும் அப்படியே இருந்துவிடுமா, சில ஆண்டுகளில் புற்றாக மாறுமா என்பதை உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. பெரும்பாலோருக்கு அது மாறுவதில்லை. மாறப்போகும் சிலரை முன்னரே பிரித்தறிய முடிந்தால், அவர்களுக்கு உரிய காலத்தில் அறுவை செய்யலாம். ஏனையோரைத் தேவையற்ற அறுவையிலிருந்து காக்கலாம். நோயெதிர்ப்பு உயிரணுக்கள் மீது வைக்கப்படும் நம்பிக்கைக்கு இதுவே காரணம்.

பின்னணி

வாய்ப் புற்றுநோய் உலகின் எல்லாப் பகுதிகளிலும் காணப்பட்டாலும் தென்னாசியாவில் மிகுதி. 2020ஆம் ஆண்டுக்கான அனைத்துலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 1,35,000 பேருக்கு உதடு மற்றும் வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. புகையிலை, பாக்கு, மது ஆகியவை முதன்மைக் காரணிகள். மேலை நாடுகளில் தொண்டைப் பகுதிப் புற்றுநோய்களுக்குப் பெருங்காரணமாக விளங்கும் மனிதப் பாப்பிலோமா வைரசின் பங்கு, இந்தியாவின் வாய்க்குழிப் புற்றுநோயில் குறைவே. வைரசால் வரும் தொண்டைப் புற்றுநோய் குறித்த நோயெதிர்ப்பு ஆய்வு முடிவுகளை வாய்க்குழிப் புற்றுநோய்க்கு அப்படியே பொருத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது சரியன்று.

தாம்பூலத்துக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய தொடக்ககால மருத்துவப் பதிவுகளில் முக்கியமானவை இன்றைய தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே வெளிவந்தன. அக்காலத்தில் திருவிதாங்கூரில் இருந்ததும் 1956இல் தமிழ்நாட்டுடன் இணைந்ததுமான நெய்யூரின் மருத்துவ மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே நெய்யூரிலிருந்து ஆர் என்னும் மருத்துவர் 1933இல் திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்வோரிடம் காணும் வாய்ப் புற்றுநோய் பற்றி லான்செட் இதழில் எழுதினார். பின்னர் சென்னை அடையாற்றில் 1954இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுநோயின் காரணிகளை ஆராய்ந்து 1959இல் கட்டுரை வெளியிட்டனர்.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் மட்டுமன்றி, பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் கூடி முடிவு செய்தது. "புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்று ஆறுதல் கொள்வோர் இன்றும் பலர் இருப்பதால் இது அழுத்திச் சொல்லத்தக்கது.

புற்றுக்கு முந்தைய நிலைகள்

முன்னர் "புற்றுநோய் முன்னிலை" என்று வழங்கப்பட்டவை, 2005இல் லண்டனில் நடந்த அறிஞர் கூட்டத்துக்குப் பின் "புற்றாக மாறும் வாய்ப்புள்ள வாய்க் கோளாறுகள்" என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன. எல்லாம் புற்றாக மாறிவிடும் என்ற தவறான பொருளைப் பழைய பெயர் தந்ததே மாற்றத்துக்குக் காரணம். லூக்கோபிளேக்கியா எனப்படும் வெண்படலம், எரித்ரோபிளேக்கியா எனப்படும் செம்படலம், லைக்கன் பிளேனஸ், சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் எனப்படும் அடிச்சளிப்படல நார்மிகை ஆகியவை இவற்றுள் அடங்கும்.

இவற்றில் அடிச்சளிப்படல நார்மிகை பாக்குப் பழக்கத்தோடு நேரடித் தொடர்புடையது. சளிப்படலத்தின் அடியில் கொலாஜன் நார்கள் படிந்து இறுகுவதால் வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமல் போகிறது. காரம் பட்டால் எரிச்சல் உண்டாவது தொடக்க அறிகுறி. இரண்டு விரல் நுழையும் அளவுக்கும் வாய் திறவாமை முற்றிய நிலை. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி இதனை விவரித்தார். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகள் 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் ஏற்பட்டதாக 1985இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இப்போதுள்ள வழக்கப்படி, இத்தகைய கோளாறுகளில் ஆபத்தை மதிப்பிடும் முதன்மை வழி, டிஸ்பிளேசியா எனப்படும் உயிரணு உருக்குலைவின் தரத்தைப் பார்ப்பதாகும். மேற்படல உயிரணுக்களின் வடிவம், கருவின் அளவு, அடுக்கு ஒழுங்கு ஆகியவை எவ்வளவு குலைந்துள்ளன என்பதை நோய்க்குறியியலாளர் நுண்ணோக்கியில் கண்டு மிதம், நடுத்தரம், கடுமை எனத் தரம் பிரிக்கிறார். ஒரே வில்லையை இருவர் பார்த்தால் இருவேறு தரம் சொல்வது அரிதன்று. மிதமான உருக்குலைவு புற்றாவதும், கடுமையானது பல ஆண்டுகள் அசையாதிருப்பதும் உண்டு. மேற்படலத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதன் அடியில் நடப்பதையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இக்குறையிலிருந்தே வலுப்பெற்றது.

திசுவை ஆராயும் முறை

நோயுற்ற இடத்திலிருந்து சிறு திசுத் துணுக்கு எடுக்கப்பட்டு, ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. பின்னர் மைக்ரோடோம் என்னும் கருவியால் நான்கு அல்லது ஐந்து மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாக அரியப்பட்டுக் கண்ணாடி வில்லையில் ஏற்றப்படுகிறது. ஹீமட்டாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்களால் வண்ணமூட்டினால் உயிரணுக்களின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். இச்சாதாரணச் சாயத்திலேயே நிணநீர் அணுக்கள், பிளாஸ்மா அணுக்கள், இயோசினோஃபில்கள் ஆகியவற்றை இனங்காணலாம்.

ஆனால் நிணநீர் அணுக்களுக்குள் உள்ள வகைகளைச் சாதாரணச் சாயம் பிரித்துக்காட்டாது. புற்றணுவைக் கொல்லும் டி-அணுவும், கொல்ல வந்ததைத் தடுத்து நிறுத்தும் டி-அணுவும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரியான நீல உருண்டைகளே. இவற்றைப் பிரிக்க நோயெதிர்ப்புத் திசுவேதியியல் முறை பயன்படுகிறது. உயிரணுவின் பரப்பிலோ உள்ளேயோ உள்ள குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளைத் திசுவின் மீது இட்டு, அது பற்றிய இடத்தைப் பழுப்பு நிறமாகக் காட்டுவதே இம்முறை. இப்புரதங்கள் 1982இல் பாரிசில் நடந்த கூட்டத்திலிருந்து "சிடி" என்ற எழுத்துகளுடன் எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. சிடி8 கொல்லும் டி-அணுவையும், சிடி4 உதவும் டி-அணுவையும், சிடி68 பெருவிழுங்கியையும், சிடி1ஏ லாங்கர்ஹான்ஸ் உயிரணுவையும் காட்டுகின்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் தனி எதிர்ப்பொருள் வாங்க வேண்டியிருப்பதால் இம்முறைக்குச் செலவு மிகுதி.

உயிரணு வகைகள்

மாஸ்ட் உயிரணுக்கள்

ஜெர்மானியரான பால் ஏர்லிக் 1878இல் மாணவராக எழுதிய பட்ட ஆய்வேட்டில் இவ்வுயிரணுக்களை விவரித்தார். உள்ளே நிறைந்திருந்த மணிகளைக் கண்டு இவை நன்றாகத் தின்று கொழுத்த உயிரணுக்கள் என்று கருதி, கொழுப்பேற்றுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் பெயரிட்டார். கருத்து தவறு, பெயர் நிலைத்துவிட்டது. அம்மணிகளில் உள்ளவை உணவல்ல. ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ், கைமேஸ் முதலிய வேதிப்பொருள்கள்.

டொலுயிடின் நீலம் என்னும் மலிவான சாயத்தை இட்டால், சுற்றியுள்ள திசு நீலமாக இருக்க, மாஸ்ட் உயிரணுக்களின் மணிகள் மட்டும் ஊதா நிறம் கொள்கின்றன. ஹெப்பாரினில் செறிந்துள்ள சல்ஃபேட் தொகுதிகள் சாய மூலக்கூறுகளை நெருக்கி அடுக்குவதால் இந்நிறமாற்றம் உண்டாகிறது. இதே சாயத்தைப் பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் நேரடியாகப் பூசி ஐயத்துக்குரிய இடத்தைக் கண்டறியவும் பயன்படுத்துகின்றனர். அங்கு சாயம் பற்றுவது மேற்படல உயிரணுக்களின் கருவை. மாஸ்ட் உயிரணுக்களை அன்று. மாணவர்கள் இவ்விரு பயன்பாடுகளையும் குழப்பிக் கொள்வதுண்டு.

புற்றுநோயில் மாஸ்ட் உயிரணுவின் பங்கு இருமுகமுடையது. டிரிப்டேஸ் நாரணுக்களைத் தூண்டிக் கொலாஜன் உற்பத்தியைக் கூட்டுகிறது. திசுவின் கட்டுமானத்தைக் கரைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. ஹெப்பாரினும் சில வளர்ச்சிக் காரணிகளும் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க உதவுகின்றன. கட்டி வளர்வதற்குக் குருதி தேவை என்பதால் இது புற்றுக்குச் சாதகம். மறுபுறம், வேறு தற்காப்பு உயிரணுக்களை அழைத்துவரும் வேலையையும் இவை செய்கின்றன. வெண்படலம், நார்மிகை, லைக்கன் பிளேனஸ், புற்று ஆகியவற்றில் மாஸ்ட் உயிரணுக்கள் மிகுந்திருப்பதாக இந்தியாவிலிருந்து வெளியான பல ஆய்வுகள் கூறுகின்றன. புற்றில் அவை குறைந்திருப்பதாகக் கூறும் ஆய்வுகளும் உள்ளன. நார்மிகையின் தொடக்க நிலையில் கூடி, திசு இறுகிய பின் குறைகின்றன என்பது ஒரு விளக்கம். எண்ணிய முறைகள் வேறுபட்டதே முரண்பாட்டுக்குக் காரணம் என்பது மற்றொன்று. பின்னது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள்

இவையும் ஒரு மாணவரின் கண்டுபிடிப்பே. பால் லாங்கர்ஹான்ஸ் 1868இல் தம் இருபத்தொன்றாம் வயதில் தோலில் இவற்றைக் கண்டு, கிளைகளைக் கொண்டு நரம்பணுக்கள் என எண்ணினார். கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளும் அவர் பெயரால் அழைக்கப்பட்டாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. மேற்படலத்துக்குள் கிளைவிரித்துக் காத்திருந்து, அயற்பொருளைப் பற்றி எடுத்துச் சென்று டி-அணுக்களுக்குக் காட்டுவது இவற்றின் பணி. புகையிலையை அடக்கி வைக்கும் இடத்துச் சளிப்படலத்தில் இவை குறைந்திருக்கக் கண்ட ஆய்வுகள் உண்டு. தகவல் தரும் காவலர் இல்லாத இடத்தில் உருக்குலைந்த உயிரணு கவனிக்கப்படாமல் பெருகக்கூடும் என்பது இதிலிருந்து எழும் கருதுகோள்.

டி-அணுக்கள்

கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை ருடால்ஃப் விர்ச்சோ 1863லேயே குறித்தார். ஆயினும் அவற்றின் அமைவிடத்துக்கும் நோயாளியின் வாழ்நாளுக்கும் உள்ள உறவு தெளிவானது மிகவும் பிற்காலத்தில்தான். பிரான்சில் ஜெரோம் காலோன் குழுவினர் பெருங்குடல் புற்றுநோயில் டி-அணுக்களின் வகை, செறிவு, இடம் ஆகியவை நோயின் முடிவை உணர்த்துவதாக 2006இல் காட்டியது இத்துறைக்குப் பெரும் உந்துதலாயிற்று. வாய்ப் புற்றுநோயிலும் சிடி8 டி-அணுக்கள் கட்டிக்குள் நிறைந்திருப்பது பொதுவாக நல்ல அறிகுறியாகவே கருதப்படுகிறது. ஃபாக்ஸ்பி3 என்னும் புரதம் கொண்ட ஒழுங்குபடுத்தும் டி-அணுக்கள் தாக்குதலை அடக்குபவை என்பதால் அவை தீய அறிகுறியாக இருக்க வேண்டும். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைத் தந்துள்ளன. தாக்குவோர் கூடும் இடத்திலேயே அடக்குவோரும் கூடுவர் என்பதால் இரண்டையும் தனித்தனியே எண்ணுவதைவிட விகிதத்தைப் பார்ப்பது பொருத்தம் என்று கருதப்படுகிறது.

பெருவிழுங்கிகளும் ஏனையவும்

பெருவிழுங்கிகள் சூழலுக்கேற்ப நடத்தையை மாற்றிக்கொள்பவை. அழற்சியைத் தூண்டிப் புற்றணுவைத் தாக்கும் முதல் நிலை, காயத்தை ஆற்றி இரத்தக் குழாய்களை வளர்க்கும் இரண்டாம் நிலை என இவற்றை இருவகையாகக் கூறுவது வழக்கம். உண்மையில் இவற்றுக்கிடையே பல படிநிலைகள் உள்ளன. சிடி163 என்னும் புரதம் பெரும்பாலும் இரண்டாம் நிலையைக் குறிக்கிறது. வாய்ப் புற்றுநோயின் முன்கணிப்புக் குறிகாட்டிகளாகத் திசு நோயெதிர்ப்பு உயிரணுக்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2019இல் பிரித்தானியப் புற்றுநோய் இதழில் வெளியான மீளாய்வு, சிடி163 பெருவிழுங்கிகளையும் சிடி57 உயிரணுக்களையுமே மிகுந்த நம்பிக்கை தருபவையாகக் குறிப்பிட்டது.

இயோசினோஃபில்கள் கட்டியைச் சுற்றிக் கூடுவது சாதாரணச் சாயத்திலேயே தெரியும். இது நல்லதா தீயதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கூட்டமும் ஆபத்தும்

திசுவில் தற்காப்பு உயிரணுக்கள் கூட்டமாக இருந்தால் ஆபத்து அதிகம் என்றோ, குறைவு என்றோ எளிய விதி வகுக்க இயலாது. இதற்கு வாய்க் கோளாறுகளிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உள்ளது.

லைக்கன் பிளேனஸில் மேற்படலத்தை ஒட்டி டி-அணுக்கள் பட்டையாக அடைந்து நிற்கும். நோயைக் கண்டறிவதற்கே அப்பட்டை ஓர் அடையாளம். ஆயினும் நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கே இது புற்றாக மாறுகிறது. நார்மிகையிலோ நிலைமை வேறு. டென்மார்க்கின் யென்ஸ் பின்ட்போர்க், மும்பையின் சத்தியவதி சிர்சாத் ஆகியோர் 1966இல் இந்நோயைத் திசு அளவில் நான்கு படிகளாகப் பிரித்தனர். மிகத் தொடக்க நிலையில் திசு நீர்கோத்து, நியூட்ரோஃபில்களும் இயோசினோஃபில்களும் காணப்படுகின்றன. அடுத்து நிணநீர் அணுக்கள் வருகின்றன. பின்னர் பிளாஸ்மா அணுக்களும் சேர்கின்றன. முற்றிய நிலையில் கொலாஜன் கண்ணாடிபோல் இறுகி, இரத்தக் குழாய்கள் நெரிந்து, நாரணுக்களே அரிதாகிவிடுகின்றன. கூட்டம் நிறைந்த லைக்கன் பிளேனஸில் புற்று அரிது. உயிரணுக்கள் வறண்டுபோன நார்மிகையில் அதைவிட மிகுதி.

நார்மிகையின் தற்காப்பு உயிரணுக்களை எதிர்ப்பொருள் முறையால் ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, சிடி4 அணுக்கள் சிடி8 அணுக்களைவிட மிகுந்திருப்பதைக் காட்டியது. பாக்கின் அரெக்கோலின் முதலிய பொருள்கள் அழற்சியைத் தூண்ட, அழற்சி உயிரணுக்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் நாரணுக்களை முடுக்க, கொலாஜன் கரையாமல் குவிகிறது. இங்கு தற்காப்பு உயிரணு காவலாக மட்டும் இல்லை. நோயை உண்டாக்குவதிலும் பங்கு கொள்கிறது.

இவ்விரு தன்மையையும் விளக்க உதவுவது, அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர் 2002இல் முன்வைத்த கோட்பாடு. அதன்படி புற்றணுக்களுக்கும் தற்காப்புக்கும் இடையிலான உறவு மூன்று கட்டங்களைக் கொண்டது: முதலில் அழித்தல், பின்பு நெடுங்காலச் சமநிலை, இறுதியில் தப்பித்தல். ஒரே சிடி8 அணு முதற்கட்டத்தில் கொல்கிறது. கடைசிக் கட்டத்தில் சோர்ந்து நின்று பார்க்கிறது. வெண்படலம் பல ஆண்டுகள் மாறாமல் இருப்பது சமநிலைக் கட்டமாக இருக்கலாம். ஒரு நாளில் எடுத்த ஒரு துணுக்கு, ஓடும் படத்தின் ஒரு சட்டகம் மட்டுமே.

எண்ணுவதில் உள்ள சிக்கல்கள்

பல கட்டுரைகள் உயிரணு எண்ணிக்கையை "400 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப்புலத்துக்கு இத்தனை" என்று தருகின்றன. இதில் மறைந்துள்ள பிழை எளிய கணக்கால் விளங்கும். கண்ணருகு வில்லையின் புல எண் 18 எனில், 40 மடங்குப் பொருளருகு வில்லையுடன் காணும் வட்டத்தின் விட்டம் 0.45 மிமீ, பரப்பு ஏறத்தாழ 0.16 சதுர மிமீ. புல எண் 22 எனில் விட்டம் 0.55 மிமீ, பரப்பு ஏறத்தாழ 0.24 சதுர மிமீ. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 உயிரணுக்கள் உள்ள அதே திசுவில் முதலாமவர் 16 என்றும், இரண்டாமவர் 24 என்றும் எழுதுவார். இருவரும் சரியாகவே எண்ணியுள்ளனர். ஆனால் ஒன்றரை மடங்கு வேறுபாடு. பரப்பைக் குறிப்பிடாத எண்ணிக்கைகளை ஒப்பிடுவது, படி எது மரக்கால் எது என்று பாராமல் நெல் அளப்பதற்கு ஒப்பாகும்.

எந்தப் புலத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதும் முடிவை மாற்றும். உயிரணுக்கள் மிகுந்த இடங்களை மட்டும் எண்ணினால் ஒரு விடை, வரிசையாக எண்ணினால் வேறு விடை. கட்டியின் நடுவா, படையெடுக்கும் முனையா, சுற்றியுள்ள இணைப்புத் திசுவா என்பதும் அவ்வாறே. திசுவில் புண் இருந்தால், கூரிய பல் உரசிக் கொண்டிருந்தால், காண்டிடா என்னும் பூஞ்சை படிந்திருந்தால், ஈறு வீங்கியிருந்தால், புற்றோடு தொடர்பின்றியே உயிரணுக்கள் கூடும். வாய் என்பது நுண்ணுயிர்கள் நிறைந்த இடம்; முற்றிலும் அமைதியான வாய்த் திசு என்று ஒன்றைக் காண்பதே கடினம். நார்மிகைக்குச் சிகிச்சையாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவரின் திசுவில், மருந்தின் விளைவாகவே இவை குறைந்திருக்கும்.

வில்லைகளை மின்னணுப் படமாக்கிக் கணினியால் எண்ணும் முறைகள் இப்போது பரவி வருகின்றன. இவை எண்ணுவோர் களைப்பையும் விருப்பத்தேர்வையும் நீக்குகின்றன. ஆனால் சாயத்தின் அடர்த்தி ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடுவதால், ஓரிடத்தில் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள் வேறிடத்தில் தடுமாறுகிறது.

தென்சென்னைப் புறநகரில்

கேளம்பாக்கத்தையும் அதனைச் சூழ்ந்த புறநகர்ப் பகுதிகளையும் பல் மருத்துவக் கல்லூரிகள் செறிந்த வட்டாரம் எனலாம். கேளம்பாக்கத்தில் செட்டிநாடு பல் மருத்துவக் கல்லூரியும், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இரத்தினமங்கலத்தில் தாகூர் பல் மருத்துவக் கல்லூரியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியும், பள்ளிக்கரணையை அடுத்த நாராயணபுரத்தில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பல்வலி என்று வருபவரின் வாயில் தற்செயலாக வெண்படலம் கண்ணில் படும் இடங்கள் இத்தகைய கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவுகளே.

ராகாஸ் கல்லூரியினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு வந்த 2,017 பேரின் வாய் பழக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. வெண்படலம் 0.59 விழுக்காட்டினரிடமும், நார்மிகை 0.55 விழுக்காட்டினரிடமும், லைக்கன் பிளேனஸ் 0.15 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. சென்னையில் நார்மிகை நோயாளிகள் 185 பேரைக் கொண்டு 2004இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஆண், பெண் விகிதம் 9.9க்கு 1 ஆக இருந்தது. அனைவருமே ஏதேனும் ஒரு வடிவில் பாக்குப் பயன்படுத்தியவர்கள். 1952இல் ஐந்து பெண்களிடம் விவரிக்கப்பட்ட நோய் ஆண்களின் நோயாக மாறியிருப்பது, வீட்டுத் தாம்பூலத் தட்டிலிருந்து பாக்கு கடைப் பொட்டலத்துக்குப் போனதைக் காட்டுகிறது எனலாம். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2001இல் தடை செய்யப்பட்டன. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் தடை கொண்டுவரப்பட்டது.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ முதுநிலைப் படிப்பில் வாய் நோய்க்குறியியல் தனிப் பிரிவாகும். ஆய்வேடு அளிப்பது கட்டாயம். ஆய்வேட்டுத் தலைப்புகளில் மாஸ்ட் உயிரணு திரும்பத் திரும்ப இடம்பெறுவது தற்செயலன்று. விலையுயர்ந்த எதிர்ப்பொருள் இன்றி, டொலுயிடின் நீலமும் நுண்ணோக்கியும் கொண்டு, கல்லூரியிலேயே சேமித்துள்ள மெழுகுக் கட்டிகளில் செய்துவிடலாம். ஆனால் இத்தகைய ஆய்வுகளிற் பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையிலான திசுக்களை ஒரே சமயத்தில் பார்ப்பவை. அந்நோயாளிகளில் எவருக்குப் பின்னர் புற்று வந்தது என்று ஐந்து, பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்ப்பவை அரிது. கட்டுமானப் பணிக்கும் பிற வேலைக்கும் வந்து இடம்பெயர்ந்து செல்வோர் மிகுந்த இவ்வட்டாரத்தில் பின்தொடர்வது எளிதுமன்று. குறிகாட்டி என்று சொல்வதற்கு வேண்டிய சான்று அங்குதான் உள்ளது.

மருத்துவப் பயன்பாடு

புற்றுக்கு முந்தைய நிலைகளில் எந்த நோயெதிர்ப்பு உயிரணு எண்ணிக்கையும் வழக்கமான சோதனையாக ஏற்கப்படவில்லை. திசு அறிக்கையில் "நாட்பட்ட அழற்சி உயிரணுக்கள் காணப்படுகின்றன" என்ற வரி பெரும்பாலும் இடம்பெறும். அது புற்றுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ பொருள்படாது. அறிக்கையில் கவனிக்க வேண்டியவை உருக்குலைவின் தரமும், புற்றணுக்கள் அடித்தளப் படலத்தைத் தாண்டியுள்ளனவா என்பதுமே.

உறுதிப்பட்ட வாய்ப் புற்றுநோயிலும், 2018இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு நிலைப்பகுப்பு முறை கட்டியின் ஊடுருவல் ஆழத்தைச் சேர்த்துக் கொண்டதேயன்றி நோயெதிர்ப்பு உயிரணுக்களைச் சேர்க்கவில்லை. அமெரிக்காவின் பிராண்ட்வைன்-கென்ஸ்லர் குழுவினர் 2005இல் உருவாக்கிய மதிப்பெண் முறையில் மட்டும், படையெடுக்கும் பாங்கு, நரம்பைச் சூழ்தல் ஆகியவற்றோடு கட்டியின் ஓரத்தில் நிணநீர் அணுக்கள் எவ்வளவு திரண்டுள்ளன என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இவ்வுயிரணுக்கள் உண்மையிலேயே சிகிச்சையைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று உண்டு. பிடி-எல்1 என்னும் புரதத்தைக் காட்டிப் புற்றணு டி-அணுவைச் செயலிழக்கச் செய்கிறது. இத்தடையை நீக்கும் மருந்துகளில் ஒன்றான பெம்புரோலிசுமாப், பரவிய அல்லது மீண்டும் வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு முதற்சிகிச்சையாக 2019இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. யாருக்குத் தனியாகக் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் மதிப்பெண்ணில், பிடி-எல்1 சாயம் ஏற்ற புற்றணுக்களோடு நிணநீர் அணுக்களும் பெருவிழுங்கிகளும் சேர்த்து எண்ணப்படுகின்றன. அத்தொகையை உயிருள்ள புற்றணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குவர். எண்ணும் முறை உலகெங்கும் ஒன்றே என வரையறுக்கப்பட்டதால்தான் இது பயன்பாட்டுக்கு வந்தது.

இம்மருந்துகளின் விலை இந்திய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாதது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், இதே வகையைச் சேர்ந்த நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் அளவில், மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்து அளித்துச் சோதித்தனர். வழக்கமான அளவு இரு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். குணப்படுத்த இயலாத நிலையில் இருந்த 151 பேரிடம் நடந்த இச்சோதனையின் முடிவு 2023இல் வெளியானது. ஓராண்டு கடந்தும் உயிருடன் இருந்தோர், குறைந்த அளவு நிவோலுமாப் பெற்ற பிரிவில் 43.4 விழுக்காடு, பெறாத பிரிவில் 16.3 விழுக்காடு. பரந்து பெருகும் வெண்படலம் உடைய 33 பேருக்கு நிவோலுமாப் கொடுத்து அமெரிக்காவில் நடந்த சிறு சோதனையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்தோரிடம் படலம் சுருங்கியது. பக்கவிளைவுகள் உள்ள இத்தகைய மருந்தை, புற்று வராமலே போகக்கூடிய ஒருவருக்குக் கொடுக்கலாமா என்பது விவாதத்துக்குரியதாகவே உள்ளது.